ஒரே தேதி, மூன்று கணக்கு

உங்க ப்ராஜெக்ட்ல ஒரு பக்கம் ஜாவா, இன்னொரு பக்கம் எக்செல், முன்னாடி ஜாவாஸ்கிரிப்ட் திரைன்னு இருக்கா? பெயர், மதிப்பெண் எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேரும். தேதி மட்டும் மக்கர் பண்ணும். ஏன் என்று பார்ப்போம்.

முதல் காரணம், ஒவ்வொரு சிஸ்டமும் வேறு நாளிலிருந்து எண்ணுகிறது.

ஜாவாவின் பழைய டேட் வகை, 1970 ஜனவரி 1 யூடிசி நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிசெகண்டுகளை வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் காம் அமைப்பு, 1899 டிசம்பர் 30-லிருந்து கடந்த நாட்களை டபுள் எண்ணாக வைக்கிறது. முழு எண் நாள், தசமம் நேரம். அதாவது 2.5 என்றால் 1900 ஜனவரி 1, பகல் 12 மணி. டாட்நெட்டுக்கோ கி.பி. 1 ஜனவரி 1-தான் தொடக்கம். அலகு 100 நானோசெகண்ட்.

அதென்ன டிசம்பர் 30? லோட்டஸ் 1-2-3 மென்பொருள் 1900-ஐ லீப் வருடமாக எடுத்துக்கொண்டது. அதோடு ஒத்துப்போக எக்செலும் அதே தவறை வைத்துக்கொண்டது. எக்செலில் 60 என்ற எண், இல்லாத நாளான 1900 பிப்ரவரி 29! காம் டிசம்பர் 30-ல் தொடங்குவதால், 1900 மார்ச் 1 முதல் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடுகிறது.

சரி, மாற்றுவது எப்படி? காம் எண்ணில் 25569-ஐக் கழித்து 86400000-ஆல் பெருக்கினால் ஜாவா எண் வந்துவிடும். இத்தோடு வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். இல்லை! ஜாவா எண் யூடிசி-யில் ஒரு கணம். காம் எண்ணுக்கு நேர மண்டலமே கிடையாது.

ஒருவர் பிறந்தது 2005 ஆகஸ்ட் 10. இந்திய நேரப்படி அந்த நள்ளிரவு, யூடிசி-யில் ஆகஸ்ட் 9 மாலை 6.30. நம்ம லேப்டாப்ல எல்லாம் இந்திய நேரம் என்பதால் சரியாகவே தெரியும். யூடிசி-யில் ஓடும் சர்வரில் ஏற்றியதும் சான்றிதழில் 9 என்று அச்சாகும். வயது வரம்பு பார்க்கும் விண்ணப்பத்தில் அந்த ஒரு நாள் ஒருவரின் வாய்ப்பையே கெடுத்துவிடும்.

அதனால் கோட் எழுதும் முன் ஒரு கேள்வி கேளுங்க: இது நாளா, கணமா? பிறந்த தேதி, தேர்வு தேதி போன்றவை நாள். பணம் கட்டிய நேரம், லாகின் நேரம் போன்றவை கணம். 2014-ல் வந்த ஜாவா 8 இவற்றை லோக்கல்டேட், இன்ஸ்டன்ட் என்று தனித்தனி வகையாகவே தருகிறது. நாளை 2005-08-10 என்று எழுத்தாகவே அனுப்புங்க. கணத்தை +05:30 போன்ற வித்தியாசத்தோடு அனுப்புங்க.

கடைசியாக மூன்று சோதனை:

1. கணினியின் நேர மண்டலத்தை நியூயார்க்குக்கு மாற்றி ஓட்டிப் பாருங்க.
2. 1970-க்கு முந்தைய ஒரு பிறந்த தேதியைக் கொடுங்க. மில்லிசெகண்ட் மைனஸில் போகும்.
3. தேதியைக் காலியாக விடுங்க. திரையில் 1970 ஜனவரி 1 அல்லது 1899 டிசம்பர் 30 வந்தால், நடுவில் எங்கோ காலி இடம் 0 ஆகிவிட்டது என்று அர்த்தம்.

ரிவ்யூவுக்கு முன்னாடியே இதைச் செய்து பாருங்க!