கரையை விடாத கடல்நடையன்

திருக்குர்ஆனில் தேனீயின் பெயராலும் எறும்பின் பெயராலும் அத்தியாயங்கள் உள்ளன. அல்பகரா அத்தியாயத்தின் 26-ஆம் வசனம் கொசுவையும் உவமைக்குரியதாகக் கொள்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் பஸ்ராவின் அறிஞர் அல்ஜாஹிழ் எழுதிய 'கிதாபுல் ஹயவான்' பூச்சிகளுக்கும் இடம் தந்தது. அம்மரபை நினைந்தே கடலோரத்துப் பூச்சிப் பேரினம் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

பெயரிடப்பட்ட பூச்சியினங்கள் ஏறத்தாழ பத்து லட்சம். அவற்றுள் திறந்த கடற்பரப்பின் மீதே வாழ்நாளைக் கழிப்பவை ஐந்துதான். ஐந்தும் ஹாலோபேட்டஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. 1815 முதல் 1818 வரை உலகைச் சுற்றிய ரூரிக் என்னும் ரஷ்யக் கப்பலில் மருத்துவராகச் சென்ற எஷ்ஷோல்ட்ஸ், 1822-இல் இப்பெயரைச் சூட்டினார். கிரேக்கத்தில் கடலில் நடப்பது என்று பொருள். நாம் 'கடல்நடையன்' எனலாம்.

மூட்டைப்பூச்சி அடங்கும் ஹெமிப்டெரா வரிசையில், ஜெர்ரிடே குடும்பத்தில் இது வைக்கப்பட்டுள்ளது. குளத்திலும் பள்ளிவாசல் ஹவ்ளிலும் நீர்மேல் சறுக்கி ஓடும் பூச்சியை அறியாதார் இலர், அதுவும் இக்குடும்பமே. ஆனால் குளத்துப் பூச்சிகளில் பலவற்றுக்கு இறகு உண்டு, குளம் வற்றினால் பறந்துவிடும். கடல்நடையனுக்கோ எப்பருவத்திலும் இறகு இல்லை.

உடல் நீளம் அரை சென்டிமீட்டர் அளவே. குட்டையான முன்கால்கள் இரையைப் பற்றுகின்றன. நீண்ட நடுக்கால்கள் துடுப்பாகின்றன. பின்கால்கள் திசை திருப்புகின்றன. உடலெங்கும் அடர்ந்த நுண்மயிர்களிடையே காற்று தங்குவதால் நீர் ஒட்டுவதில்லை. மேற்பரப்பில் சிக்கிய சிற்றுயிர்களைக் குத்தி உறிஞ்சுகிறது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு ஐந்து முறை தோலுரித்து முதிர்கிறது. நடுக்கடலில் முட்டையிட மிதக்கும் ஏதேனும் வேண்டும்: இறகு, மரத்துண்டு, இப்போது பிளாஸ்டிக். வட பசிபிக்கில் நுண்பிளாஸ்டிக் பெருகப் பெருக இம்முட்டைகளும் பெருகியதை 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குப்பையால் ஒரு பூச்சி பெருகுவதை நன்மையென்று கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

இந்தியப் பெருங்கடலின் விரிபரப்பில் உள்ளவை மைகன்ஸ், ஜெர்மானஸ் என்னும் இரண்டே. மைகன்ஸ் மட்டும் அட்லாண்டிக், பசிபிக், இந்தியப் பெருங்கடல் மூன்றிலும் காணப்படுகிறது. அறிஞர் கவனம் பெரிதும் இந்த ஐவர் மீதே சென்றது. பேரினத்தின் இனங்களோ நாற்பதுக்கும் மேல். எஞ்சியவை அனைத்தும் கரையை ஒட்டியே வாழ்கின்றன. அலையடங்கிய உப்பங்கழி, அலையாத்திக் காட்டின் ஓடை, பவளத்திட்டின் உட்பகுதி ஆகியவையே அவற்றின் வீடு. எஷ்ஷோல்ட்ஸ் முதலில் விவரித்த மூன்று இனங்களுள்ளும் ஃபிளாவிவென்ட்ரிஸ் என்பது இத்தகைய கரைவாசியே.

புதுவை நகரின் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கழிமுகத்தில் தேங்காய்த்திட்டு அலையாத்திக் காடு உள்ளது. கரையோர இனங்கள் நாடும் நீர் இவ்வகைப்பட்டதே. ஆற்றுவாயில் 1980-களின் இறுதியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் எழுந்தபின் வடக்கே மணற்கரை அரிக்கப்பட்டதைப் பற்றி ஊரார் நிறையவே பேசியுள்ளனர். நீரின் மேற்பரப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கடல்நடையனைத் தாங்குவது நீரின் பரப்பு இழுவிசை. சோப்பு கலந்த கழிவுநீர் அதனைக் குறைக்கிறது. எண்ணெய் நுண்மயிர்களில் படிந்து காற்றை வெளியேற்றுகிறது. இரண்டிலும் முடிவு ஒன்றே: மேலே ஓடிய பூச்சி நனைந்து மூழ்குகிறது. இறகற்ற அது வேறோர் ஓடைக்குப் பறந்து செல்லவும் இயலாது.