பம்பு ஏன் சுடுகிறது?

எங்கள் வீட்டுத் திண்ணைதான் அப்பாவின் சைக்கிள் கடை. சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் நான்கு டயர்களுக்குத் தொடர்ந்து காற்றடித்துவிட்டுப் பம்பின் அடிமுனையைத் தொட்டேன், சுட்டது. "உள்ளே தேயுதுல்ல, சுடாம என்ன செய்யும்?" என்றார் அப்பா. அவருடையது முப்பதாண்டு அனுபவம். நானோ ஓராண்டு வெப்ப இயக்கவியல் படித்தவன். மறுத்துப் பேச வாய் வரவில்லை.

பம்பு ஆறியபின், ரப்பர் குழாயை டயரில் மாட்டாமல், அதே எண்ணிக்கையில் வெறுமனே அடித்துப் பார்த்தேன். இலேசாக வெதுவெதுத்ததோடு சரி. தேய்வு மட்டுமே காரணமானால் இப்போதும் சுட்டிருக்க வேண்டுமன்றோ? (அழுத்தம் கூடும்போது தோல் வாசர் உருளையை இறுக்கிப் பிடிக்கும், ஆகவே அப்பா சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு.)

வெப்ப இயக்கவியலின் முதல் விதி ஒரு வரவு செலவுக் கணக்கே. வாயுவுக்குள் வரும் வெப்பமும் அதன்மீது செய்யப்படும் வேலையும் சேர்ந்து அதன் அக ஆற்றலை உயர்த்துகின்றன. நல்லியல்பு வாயுவில் மூலக்கூறுகளுக்குள் கவர்ச்சி கிடையாது. எனவே அதன் அக ஆற்றல் வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது.

27 டிகிரி செல்சியசில், அதாவது 300 கெல்வினில், ஒரு மோல் காற்றை எடுத்துக்கொண்டு அதன் பருமனைப் பாதியாக்குவோம். மிக மெதுவாக அமுக்கினால் வெப்பம் உருளையின் சுவர் வழியே கசிந்துவிடும்; வெப்பநிலை மாறாது. செய்த வேலை ஏறத்தாழ 1,729 ஜூல். அத்தனையும் வெப்பமாக வெளியேறிவிடுகிறது! இவ்வளவு பாடுபட்டும் அக ஆற்றல் ஒரு ஜூல்கூட ஏறவில்லை என்பது எனக்கு முதலில் நம்பமுடியாததாகவே இருந்தது. சட்டென்று அமுக்கினால் வெப்பம் வெளியேற நேரமில்லை. இதுவே வெப்ப மாற்றீடற்ற நிகழ்வு. இதற்கு 1,992 ஜூல் வேண்டும். வெப்பநிலை 396 கெல்வின், அதாவது 123 டிகிரி செல்சியசுக்கு ஏறும். முன்னதில் அழுத்தம் இருமடங்கு, பின்னதில் 2.64 மடங்கு. நம் பம்பு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

மூலக்கூறு ஏன் வேகம் பெறுகிறது? முன்னேறி வரும் மட்டையில் பட்ட கிரிக்கெட் பந்து வந்ததைவிட வேகமாகத் திரும்புகிறதே, அதேபோல் முன்னேறும் பிஸ்டனில் மோதிய மூலக்கூறும் திரும்புகிறது. பிஸ்டன் பின்வாங்கினால், கையைப் பின்னுக்கிழுத்துப் பந்தைப் பிடிப்பதுபோல், வேகம் குறையும், வாயு குளிரும்.

இங்கேதான் நான் உள்தேர்வில் சறுக்கினேன். "வாயு விரிந்தால் குளிரும்" என்று பொதுவாக எழுதி மதிப்பெண் இழந்தேன். 1845இல் ஜூல் இரு செப்புக் கலங்களைக் குழாயால் இணைத்து நீரில் வைத்தார். ஒன்றில் சுமார் 22 வளிமண்டல அழுத்தத்தில் காற்று; மற்றது வெற்றிடம். இடையிலிருந்த அடைப்பைத் திறந்ததும் காற்று பாய்ந்து விரிந்தது. ஆனால் நீரின் வெப்பநிலை மாறவில்லை! தள்ளுவதற்கு எதிரே எதுவுமில்லாதபோது வேலையும் இல்லை. வேலையில்லாதபோது ஆற்றல் செலவும் இல்லை. (நீரின் வெப்ப ஏற்புத்திறன் பெரிது, நுண்ணிய மாற்றம் அதில் தெரியாது. 1852 முதல் தாம்சனுடன் சேர்ந்து செய்த சோதனைகளில், மெய்யான காற்று நுண்துளை அடைப்பின் வழியே விரியும்போது சிறிதளவு குளிர்வதை ஜூலே கண்டார். நல்லியல்பு வாயுவில் அதுவும் இராது.)

இதையெல்லாம் அப்பாவிடம் என்னால் இயன்ற தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு டியூபின் வால்வைத் தளர்த்தினார். சீறி வந்த காற்றில் விரலை நீட்டி, "அப்ப இது ஏன்டா சில்லுனு இருக்கு? இதுவும் சும்மா விரியுறதுதானே?" என்றார். நல்ல கேள்வி. சற்று யோசித்தே பதில் சொன்னேன். வெளியே இருப்பது வெற்றிடமன்று, வளிமண்டலம். அதன் அழுத்தத்தை எதிர்த்து, டியூபில் மிஞ்சியுள்ள காற்று முன்னே இருக்கும் காற்றைத் தள்ளியாக வேண்டும். அந்த வேலைக்கான கூலியைத் தன் அக ஆற்றலிலிருந்தே கொடுத்துவிட்டு அது குளிர்கிறது.