முழங்காலை நிமிர்த்தினால் குதிகாலும் அசையும்!

‘முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டேன். வளைந்திருந்த கால் நேராகிவிட்டது. முட்டி வலியும் குறைந்துவிட்டது. ஆனால், இப்போது கணுக்கால் வலிக்கிறதே, ஏன்?’ என்று கேட்பவர்கள் உண்டு. ‘ஆபரேஷன் சரியில்லை’ என்று அவர்களே ஒரு முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள். பல நேரம் காரணம் அதுவாக இருப்பதில்லை. இடுப்பிலிருந்து குதிகால் வரை கால் என்பது ஒரே கம்பம் மாதிரி. நடுவில் திருத்தினால் அடியிலும் மாற்றம் வரும். இதை ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே ரயில் பாதை... ஒரே வலி!

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்து விவசாயிகள் பெரிய வைத்தியம் என்றால் மின்சார ரயில் ஏறி, எண்ணூர், திருவொற்றியூர் தாண்டி வடசென்னையில் இறங்குவார்கள். அவர்கள் போய்ச் சேருமிடம், ராயபுரத்தை ஒட்டியிருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. பெரியவர்களுக்கு அது இன்னும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’தான். 1782-ம் ஆண்டு பஞ்சத்தில், பிழைக்க வந்த ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்தில் தொடங்கிய இடம் அது.

எலும்பு மூட்டுப் பிரிவின் வாசலில் நாற்று நடும் பெண்ணும், காசிமேட்டில் மீன் கூடை தூக்குபவரும், துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரும் ஒரே வரிசையில்தான் உட்கார வேண்டும். குந்தி உட்காருவது, பாரம் தூக்குவது, நாள் முழுக்க நிற்பது என்று மூவருக்கும் வேலை முழங்காலில்தான். தேய்மானமும் பெரும்பாலும் ஒரே இடத்தில், அதாவது முட்டியின் உள்பக்கத்தில் வருகிறது.

டயர் ஒரு பக்கம் தேய்வதுபோல...

நேரான காலிலேயே, நடக்கும்போது முழங்காலின் உள்பக்கம்தான் பாதிக்கு மேல் எடையைத் தாங்குகிறது. கால் வில்லாக வளைந்திருந்தால் அந்தப் பக்கம் இன்னும் அதிகமாக அழுத்தப்படும். டிராக்டரில் வீல் அலைன்மென்ட் கெட்டால் டயர் ஒரு ஓரமாகத் தேயுமே, அதே கதைதான். குருத்தெலும்பு தேயத் தேய வளைவு கூடும். வளைவு கூடக் கூட தேய்மானமும் கூடும்.

இந்தச் சுழற்சியை நிறுத்தத்தான் காலை நேராக்கும் அறுவை சிகிச்சை. டாக்டர்கள் ‘ஹெச்.டி.ஓ’ என்பார்கள். முட்டிக்குச் சற்றுக் கீழே எலும்பை வெட்டி, ஆப்பு வைத்ததுபோல விரித்து, தகடும் திருகும் போட்டு நிறுத்துவார்கள். எடை விழும் கோடு, தேய்ந்த உள்பக்கத்திலிருந்து நல்ல வெளிப்பக்கத்துக்கு நகரும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டாக்டர் மார்க் கவென்ட்ரி 1965-ல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இந்தச் சிகிச்சை பரவலானது. மூட்டின் உள் ஓரத்திலிருந்து அளந்தால் சுமார் 62 சதவிகித தூரத்தில் அந்தக் கோடு விழ வேண்டும் என்பது, 1979-ல் ஜப்பானில் ஃபுஜிசாவா குழுவினர் சொன்ன கணக்கு. இன்று ஆளைப் பொறுத்து டாக்டர்கள் இதைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தவர்கள், நடுத்தர வயதுக்காரர்கள், உடல் உழைப்பை விட முடியாதவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தும். சொந்த மூட்டு அப்படியே இருப்பதால், பலரால் மறுபடி வயல் வேலைக்குத் திரும்ப முடிகிறது.

குதிகால் செய்யும் சமாளிப்பு!

வில்லாக வளைந்த காலோடு நின்றால், பாதத்தின் வெளி ஓரம் மட்டும்தான் தரையில் படவேண்டும். ஆனால், முழுப் பாதமும் பதிகிறதே எப்படி? கணுக்காலுக்குக் கீழே, குதிகால் எலும்பின்மேல் ஒரு மூட்டு இருக்கிறது. மேடு பள்ளத்தில் பாதத்தைத் திருப்பித் தருவது அதுதான். வரப்பில் சாய்ந்து நடக்கும்போது நம்மை விழாமல் காப்பதும் அதுதான். முழங்கால் வளைய வளைய, இந்த மூட்டு குதிகாலை வெளிப்பக்கமாகச் சாய்த்து ஈடு கட்டுகிறது. இப்படியே பல வருடம் ஓடிவிடும்.

ஆபரேஷனில் கால் நிமிர்ந்ததும் அந்தச் சமாளிப்புக்கு வேலையில்லை. மூட்டு இளக்கமாக இருந்தால், குதிகால் கொஞ்சம் கொஞ்சமாக நேர்நிலைக்குத் திரும்பும். கணுக்கால் மூட்டும் தரைக்கு இணையாக வரும். பெரும்பாலானவர்களுக்கு இது நல்லதாகவே முடிகிறது.

சிக்கல் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, பழைய சுளுக்கு, எலும்பு முறிவு அல்லது வாதத்தால் குதிகால் மூட்டு இறுகிப் போயிருப்பது. மேலே கால் நேராகும். கீழே குதிகால் பழைய சாய்விலேயே நிற்கும். எடை பாதத்தின் உள் ஓரத்தில் இறங்கி, கணுக்காலில் புது வலி வரும். இரண்டு, தேவைக்கு மேல் நிமிர்த்திவிடுவது. அப்போதும் கணுக்கால் சாய்வாகச் சுமக்க வேண்டியிருக்கும். சிலருக்குக் குதிகால் ஆரம்பத்திலேயே உள்பக்கம் சாய்ந்திருப்பதும் உண்டு. அதனால்தான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் கேளுங்கள்!

* இடுப்பு முதல் கணுக்கால் வரை, நின்றபடி முழுக்கால் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா? படுத்தபடி எடுக்கும் முட்டிப் படத்தில் எடை விழும் கோடு தெரியாது.

* என் குதிகாலைப் பின்னாலிருந்து பார்த்தீர்களா? அந்த மூட்டு இளக்கமாக இருக்கிறதா?

* எத்தனை டிகிரி திருத்தப் போகிறீர்கள்? கணுக்காலுக்கு என்ன ஆகும்?

மாட்டு வண்டியில் அடிபட்டது, கிணற்று மேட்டில் வழுக்கிக் கணுக்கால் வீங்கியது என எவ்வளவு பழைய அடியானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். தினமும் போடும் பழைய செருப்பையும் எடுத்துப் போங்கள். எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்பதும் டாக்டருக்கு ஒரு துப்பு.

வாசகர்களுக்கு வரக்கூடிய சந்தேகங்கள்

எப்போது வயலில் இறங்கலாம்?

எலும்பு கூடவே சுமார் 3 மாதம் ஆகும், சிலருக்குக் கூடுதலாகலாம். அதுவரை ஊன்றுகோலும், டாக்டர் சொன்ன அளவு எடையும்தான். சேற்றில் இறங்குவது, மூட்டை தூக்குவது எல்லாம் எக்ஸ்ரே பார்த்து அவர் அனுமதித்த பிறகுதான். நடவு, அறுவடை இல்லாத மாதங்களாகப் பார்த்துத் தேதி கேளுங்கள். பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை இருந்தால் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும்.

கணுக்கால் வலி வந்தால் என்ன செய்வது?

நடை மாறுவதால் ஆரம்பத்தில் லேசான வலி வரலாம். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் கணுக்கால், கெண்டைக்கால் பயிற்சிகளை விடாமல் செய்யுங்கள். வலி மாதக்கணக்கில் நீடித்தால், முட்டியை மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள். ‘கணுக்காலையும் பாருங்கள்’ என்று கேளுங்கள். செருப்புக்குள் வைக்கும் தாங்கியே சிலருக்குப் போதும். தமிழக அரசு 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி கிடைக்கும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

உடனே ஓட வேண்டியது எப்போது?

பாதத்தை மேலே தூக்க முடியாமல் போனாலோ, கெண்டைக்கால் வீங்கிக் கடுமையாக வலித்தாலோ, பாதம் மரத்துப் போனாலோ, தையலில் சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் 108-ஐ அழையுங்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதெல்லாம் இந்த நேரத்தில் கூடவே கூடாது.

செலவுக்கு வழி?

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் இந்த அறுவை சிகிச்சையின் பெயரைச் சொல்லி, அது திட்டத்தில் வருகிறதா என்று சேருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் வேலைக்குப் போகாமல் வீடு எப்படி ஓடும் என்ற கணக்கையும் குடும்பத்தோடு உட்கார்ந்து முதலிலேயே போட்டுவிடுங்கள். அந்தக் கணக்கு சரியாக இருந்தால்தான், எலும்பு கூடும் முன்பே காலை ஊன்றி வேலைக்கு ஓட வேண்டிய நிலை வராது.