குதிரை பார்க்காத சிவப்பு

எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வந்து இறங்கும் நாட்களில், வரிசையில் நிற்கும் டிராக்டர் டிரெய்லர்களை உச்சி வெயிலில் தொட்டுப் பாருங்கள். வெளிறிய மஞ்சள் அடித்த தகட்டில் மூன்று எண்ணும்வரை கை தாங்கும். பக்கத்து வண்டியின் அடர்நீலத் தகட்டில் ‘ஒன்று’ என்று சொல்லி முடிப்பதற்குள் கை தானாக எழும்பிவிடும். இரண்டும் ஒரே வெயிலில் நின்றவைதான். கரும்பு புகார் சொல்லப் போவதில்லை. உள்ளே நிற்பது குதிரையாக இருந்தால்?

பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் அப்படி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. ‘குதிரை வண்டி’ என்று சொல்ல நாக்கு தடுமாறுகிறது. அது குதிரை இழுப்பது, இது குதிரை ஏறிப் போவது. ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தைக்கு ஆத்தூர், சேலம், பவானி வழியாகப் போக வேண்டிய டிரெய்லர். ரெட் ஆக்சைடு பூசிக் காய்ந்துகொண்டிருந்தது. “முழுசும் ரத்தச் சிவப்பா அடிச்சிருங்கண்ணே” என்றார் உரிமையாளர். பெயின்டர் பீடியை அணைத்துவிட்டு, “கூரையையாவது வெள்ளையா விடுங்க தம்பி” என்றார்.

பெயின்டர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தெளிந்த வானத்தில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் கொட்டுகிறது. கூரை 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் என்றால் 6,000 வாட். கறுப்புப் பெயின்ட் அதில் நூற்றுக்கு 95 பங்கை விழுங்கும். புது வெள்ளை 20 பங்கோடு நிறுத்திக்கொள்ளும். வித்தியாசம் 4,500 வாட்: குதிரையின் தலைக்கு மேல் நாலரை இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்ட மாதிரி. ரத்தச் சிவப்பு இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். வண்டி ஓடும்போது காற்று இந்தச் சூட்டில் பெரும்பகுதியை அள்ளிப் போய்விடும். டீக்கடை வாசலிலும் டோல்கேட் வரிசையிலும் நிற்கும்போதுதான் ஆபத்து.

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கறுப்பு ஹோண்டா சிவிக்கையும் ஒரு வெள்ளி நிறச் சிவிக்கையும் வெயிலில் நிறுத்தி அளந்தார்கள். கறுப்புக் காரின் கூரை 25 டிகிரி வரை கூடுதலாகச் சுட்டது. உள்ளே இருந்த காற்றில் வித்தியாசம் 5, 6 டிகிரிதான். கூரைச் சூடு அப்படியே உள்ளே இறங்கிவிடுவதில்லை. ஆனால் மூடிய பெட்டியில் மணிக்கணக்கில் நிற்கும் பிராணிக்கு 5 டிகிரியும் சின்ன விஷயமில்லை.

‘அப்படியானால் பெயின்ட்டே வேண்டாம், பளபளக்கும் தகட்டை அப்படியே விட்டுவிடலாமே, கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பி அடிக்குமே’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அங்கேதான் கண் ஏமாறுகிறது. ஒரு பொருள் வெயிலை எவ்வளவு திருப்புகிறது என்பது பாதிக் கதைதான். வாங்கிய சூட்டைக் கதிராக எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்பது மறுபாதி. பெயின்ட் எந்த நிறமானாலும் இதில் தாராளம். வெறும் பளபளப்பு உலோகம் மகா கஞ்சன். வந்த கொஞ்சத்தையும் விடாமல் சேர்த்துவைத்து, வெள்ளைப் பூச்சை விட அதிகமாகச் சுடும். அதே கஞ்சத்தனம் கூரையின் அடிப்பக்கத்தில் வரமாகிவிடுகிறது. மேலே வெள்ளை அடித்து, உள்பக்கம் அலுமினியத் தகடு பொருத்திப் பளபளப்பாகவே விட்டால், கூரைச் சூடு குதிரையின் முதுகை நோக்கிக் கதிராக இறங்குவது வெகுவாகக் குறையும்.

அந்த வெள்ளையின் பிறப்பிடத்தையும் சொல்லிவிடுகிறேன். பெயின்ட்டில் வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் மூலக்கனிமங்களில் ஒன்றான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடக்கிறது, கறுப்பாக! அந்தக் கறுப்பிலிருந்து பிரித்தெடுத்த வெள்ளைத் தூள், ஒளியை வளைப்பதில் வைரத்தையே மிஞ்சும். மயிரிழை கனமுள்ள பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்புவது இதனால்தான். ஒரே எதிரி தூசி. கரிசல் புழுதி ஏறிய வெள்ளைக் கூரை பேருக்குத்தான் வெள்ளை; பயணத்துக்கு முன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது இன்னொரு கோட் அடிப்பதற்குச் சமம்.

சரி, பக்கவாட்டுக்கு என்ன நிறம்? இங்கே நம் ஊர் இருக்கும் இடம் உரிமையாளருக்குச் சாதகம். எறையூரும் அந்தியூரும் பூமத்திய ரேகைக்குச் சுமார் பதினொன்றரை டிகிரி வடக்கே இருப்பவை. ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. ஆடிச் சந்தைக் காலம் இந்த ஆகஸ்ட் நாளுக்குச் சற்று முன்னால்தான். அப்போதைய நண்பகல் வெயிலைக் கிட்டத்தட்ட முழுதாகக் கூரையே வாங்கிக்கொள்கிறது. பக்கத் தகடுகளுக்குக் கிடைப்பது காலை, மாலைச் சாய்வெயிலும் தார்ச் சாலையிலிருந்து எழும் அனலும்தான். ஆகவே பக்கவாட்டில் சிவப்பு அடித்தால் பெரிய பாவமில்லை. மலிவான சிவப்பு புற ஊதாக் கதிரில் சில வருஷத்தில் வெளுத்து ரோஸ் ஆகிவிடும், அவ்வளவுதான். காவிச் சிவப்பு இரும்புத் துரு, அது வெளுக்காது.

குதிரைக்கு இந்தச் சண்டையே புரியாது. அதன் கண்ணில் நிறம் பிரிக்கும் செல்கள் இரண்டே வகை, நமக்கு மூன்று. நீலமும் மஞ்சளும் அதற்குத் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியத் திணறும். வெயிலிலிருந்து வரும் குதிரை தயங்குவது வெளிநிறத்தைப் பார்த்தல்ல, கதவுக்கு அப்பால் தெரியும் இருட்டைப் பார்த்து. இருட்டுக்குப் பழக அதன் கண்ணுக்கு நம்மை விட அதிக நேரம் பிடிக்கும். உள்ளே வெளிச்சமான நிறமும் இரண்டு ஜன்னலும் இருந்தால் காலெடுத்து வைக்கும்.

கடைசியில் கூரைக்கு வெள்ளை, உள்ளே வெறும் அலுமினியம், பக்கவாட்டில் சிவப்பு என்று பேசி முடித்தார்கள். “கதவுல குதிரைப் பேரை மஞ்சள்ல எழுதிருங்கண்ணே” என்றார் உரிமையாளர். அதுவாவது குதிரைக்குத் தெரியும்.