கெல்ம்ஸ்காட் கல்மனை: ஓர் அமானிதம்

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், தேம்ஸ் ஆற்றங்கரையை அடுத்துள்ள சிற்றூர் கெல்ம்ஸ்காட். அவ்வூரிலுள்ள கெல்ம்ஸ்காட் மேனர் என்னும் கல்மனை, கி.பி. 1600ஐ ஒட்டி டர்னர் என்னும் உழவர் குடும்பத்தாரால் எழுப்பப்பெற்றது. அதன் கட்டடக் கலையை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

இம்மனையின் சுவர்களும் கூரையும் அவ்வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. கூரைக்குரிய கல்லை ஈரத்துடன் பனிக்காலத்தில் திறந்தவெளியில் இட்டுவைப்பர். உள்ளிருக்கும் நீர் உறைந்து விரியுங்கால் கல் தானே தகடு தகடாகப் பிளவுபடும். அவ்வாறு கிடைத்த கல் ஓடுகளுள் பெரியவற்றை இறவாரத்திலும், மேலே செல்லச் செல்லச் சிறியவற்றையும் அடுக்கினர். மழைநீர் மிகுதியாகத் திரண்டு வழியும் இடம் இறவாரமன்றோ? அங்கே இணைப்புகள் குறைவாக இருத்தலே நன்று. முகட்டில் பாரம் குறைதலும் நன்றே. மீன் செதிலையொத்த அவ்வழகு பயன் கருதிப் பிறந்ததேயாகும்.

17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வடகிழக்கே ஒரு பகுதி சேர்க்கப்பெற்றது. அதன் சாளரங்கள் சிலவற்றின்மீது செந்நெறிக் கலைப் பாணியிலான சிறு முக்கோண முகப்புகள் உள்ளன. இவ்வாறு இரு காலத்துக் கைவண்ணமும் ஒரே மனையில் இசைந்து நிற்கின்றன.

கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மாரிஸ் 1871இல் இம்மனையை வாடகைக்கு எடுத்தார். 1896இல் மறையும் வரை அவர் இங்குக் குடியிருப்பாளரேயன்றி உரிமையாளர் அல்லர். அக்காலத்தில், 'மூல வடிவை மீட்கிறோம்' என்று கூறிப் பழங்கட்டடங்களின் பிற்காலப் பகுதிகளை இடிப்பதும் பழஞ்சாந்தைச் சுரண்டுவதும் பெருவழக்காயின. இதனை எதிர்த்து, 1877இல் மாரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புக் கழகத்தை நிறுவினார். அன்றாடப் பராமரிப்பால் அழிவைத் தடுக்கவேண்டுமேயன்றி, கற்பனையான பழமையைப் புதிதாகப் படைத்தலாகாது என்பதே அவர்தம் கொள்கை. அவர் எதிர்த்த முறையை இம்மனையில் கையாண்டிருப்பின், வடகிழக்குப் பகுதி இன்று எஞ்சியிராது.

ஈரானில் ஹிஜ்ரி 946இல் நெய்யப்பெற்ற அர்தபீல் கம்பளத்தை, 1893இல் இலண்டன் அருங்காட்சியகம் வாங்குமாறு பரிந்துரைத்தவரும் இவரே என்பது நாம் அறியத்தக்கது.

முதல் தரக் கட்டடமாகப் பட்டியலிடப்பெற்றுள்ள இம்மனையை 1962 முதல் இலண்டன் தொல்பொருள் ஆய்வாளர் கழகம் காத்து வருகிறது. பழங்கட்டடங்களுக்கு நாம் உரிமையாளர் அல்லர். வருந்தலைமுறையினருக்காகக் காத்து நிற்கும் பொறுப்பாளரே என்பது மாரிஸின் கருத்து. இதனை நாம் 'அமானிதம்' என்போம். வாடகைக் குடியாய் வாழ்ந்த ஒருவர் உரிமையாளர்க்கு உணர்த்திய பாடம் இது.