பிளைவுட் பெட்டிக்கு மழைக் காப்பு

சரக்கு வண்டியிலும் நடமாடும் கடையிலும் பிளைவுட் பெட்டி அமைத்துள்ள வணிக அன்பர்கள் கவனத்திற்கு!

பெயிண்ட் பளபளப்பாக இருந்தும் ஒரே மழைக்காலத்தில் பலகை உப்பிவிடுகிறதா? தண்ணீர் பெரும்பாலும் புகுவது அறுத்த ஓரத்திலும் திருகாணித் துளையிலும்தான்.

ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட்டின் பசை 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்கும். ஆயினும் ஓரத்தை மூடாவிட்டால் மரம் நீரை உறிஞ்சும்.

நன்கு உலர்ந்த பலகையின் ஓரங்களில் எபாக்சி பிசினை இருமுறை பூசுங்கள். துளையைச் சற்றுப் பெரிதாக இட்டு, எபாக்சியால் அடைத்து, இறுகியபின் மீண்டும் துளையிடுங்கள். எபாக்சி வெயில் தாங்காது. ஆகவே அதன்மேல் பிரைமரும் எனாமலும் அவசியம். அடிப்பாகத்தையும் விட்டுவிடாதீர்கள். மூலைகளில் சீலன்ட் வைத்து அலுமினிய ஆங்கிளைப் பொருத்துங்கள்.

பெட்டி ஒழுகினால் பலகை மட்டுமல்ல, உள்ளிருக்கும் சர்க்கரையும் மாவும் நஷ்டமே. ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிடுவது நலம்.