வாழ்க்கையின் கோடை விடுமுறை: கல்லூரி முடியும்போது ஏன் வயிற்றைப் பிசைகிறது?

முதுகலை கடைசி வருடத்தில் இருக்கிறேன். இன்னும் ஒரு செமஸ்டர்தான் பாக்கி. கல்லூரி முடியப்போகுதுன்னு நினைச்சாலே என்னவோ போல இருக்கு. வகுப்பில் பாதிப் பேருக்கு இதே கதைதான். வீட்டில் சொன்னால், "பொறுப்பு வந்துடுமேன்னு பயம், வேற என்ன" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். என் பெரியப்பா இன்னும் ஒரு படி மேலே போய், "உன் வயசுல நான் ரெண்டு தங்கச்சிங்க கல்யாணத்தை முடிச்சாச்சு" என்பார். அதுக்கு மேல் நாம என்ன பேச முடியும்?

ஆனால் இந்த "பொறுப்புக்குப் பயம்" என்கிற விளக்கம் எனக்குப் போதவில்லை. கொஞ்ச நாளாக ஜப்பானைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கல்லூரியை விட்டு வெளியே வரத் தயங்குகிற இந்த உணர்வை அங்கே பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் இருந்தால் விஷயத்தைத் தள்ளி நின்று பார்க்க முடியுது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த வயதில் பெரியவர்?

ஜப்பானில் சட்டப்படி வயது வந்தவர் ஆகும் வயது 1876-லிருந்து 20. அதை 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி 18 ஆகக் குறைத்தார்கள். ஆனால் மது, சிகரெட் இரண்டுக்கும் 20 வயது அப்படியே தொடர்கிறது. ஜனவரி மாதம் ஊர் ஊராக நடக்கும் வயது வந்தோர் விழாவையும் பெரும்பாலான ஊர்கள் இன்னும் 20 வயதுக்காரர்களுக்குத்தான் நடத்துகின்றன. கிமோனோ கட்டிக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, நகராட்சித் தலைவரின் வாழ்த்துரையைக் கேட்டுவிட்டு வருவார்கள்.

இவ்வளவு நடந்தும் அந்தப் பையனையோ பெண்ணையோ யாரும் "ஷகாய்ஜின்" என்று சொல்ல மாட்டார்கள். இந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் "சமூக மனிதர்". நடைமுறையில் படிப்பை முடித்து வேலைக்குப் போகிறவர் என்று அர்த்தம். அப்போ மாணவர் சமூகத்தில் இல்லையா? சொல்லின் கணக்குப்படி இல்லை! ஓட்டுப் போடலாம், கல்யாணம்கூட செய்துகொள்ளலாம். ஆனால் ஒரு நிறுவனத்தின் வாசலைத் தாண்டும்வரை "சமூக மனிதர்" கிடையாது. ஆக சட்டத்துக்கு 18, குடிப்பதற்கு 20, சமூகத்துக்குள் நுழைய 22. இந்த மூன்றில் கல்லூரி மாணவர் பயப்படுவது கடைசிக் கதவுக்கு மட்டும்தான்.

இரண்டு நெருக்கடிக்கு நடுவில் நாலு வருடம்

ஜப்பானில் கல்லூரிக் காலத்தை "ஜின்செய் நோ நட்சுயாசுமி" என்று சொல்வதுண்டு. வாழ்க்கையின் கோடை விடுமுறை என்று பொருள். கேட்க அழகாக இருக்கு. ஆனால் விடுமுறை என்றால் அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஏதோ இருக்கணுமே? முன்னாடி இருப்பது பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் "தேர்வு நரகம்". பின்னாடி இருப்பது நிறுவன வாழ்க்கை. நீண்ட வேலை நேரம், மேலதிகாரி கிளம்பாமல் நாம் கிளம்பமுடியாத சங்கடம், வேறு ஊருக்கு மாற்றினால் மறுபேச்சில்லாமல் போகிற வழக்கம். இப்போது கொஞ்சம் மாறி வருகிறது என்றாலும் பிம்பம் அதுதான்.

நடுவில் அந்த நாலு வருடம். வகுப்பு உண்டு, ஆனால் நெருக்கடி குறைவு. "சர்க்கிள்" என்ற மாணவர் குழுக்கள் உண்டு. டென்னிஸ், மலையேற்றம், நாடகம், மாங்கா என்று எதற்கும் ஒரு குழு இருக்கும். "பைத்தோ" என்ற பகுதிநேர வேலை உண்டு. ஜெர்மன் மொழியில் வேலையைக் குறிக்கும் "ஆர்பைட்" என்ற சொல்லிலிருந்து வந்தது இது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று. இந்த மாணவர்கள் பகுதிநேர வேலையில் கடையை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொள்கிறார்கள், கல்லாவைச் சரிபார்க்கிறார்கள், தனியாக அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். பொறுப்பு ஏற்கனவே வந்தாச்சு. அதனால்தான் "பொறுப்புக்குப் பயம்" என்ற விளக்கம் இங்கே உடைகிறது. நம்ம ஹாஸ்டலில் மெஸ் கமிட்டி கணக்கு எழுதுகிறவனையும் கல்ச்சுரல்ஸுக்கு ஸ்பான்சர் தேடி அலைகிறவளையும் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

ஒரே ஒரு முறை திறக்கும் கதவு

அப்போ பயம் எதற்கு? ஜப்பானில் வேலைக்கு ஆள் எடுக்கும் முறையைப் பார்த்தால் விடை பாதி கிடைக்குது.

அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். பெரிய நிறுவனங்கள், அந்த வருடம் படிப்பை முடிக்கிற மாணவர்களை மொத்தமாக எடுத்து, ஏப்ரல் 1 அன்று ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். இதற்கென்று ஒரு கால அட்டவணையே உண்டு. மூன்றாம் ஆண்டு முடியும் மார்ச் 1-ல் நிறுவனங்கள் விவரம் சொல்லத் தொடங்கலாம், நான்காம் ஆண்டு ஜூன் 1-லிருந்து நேர்காணல், அக்டோபர் 1-ல் முறைப்படி வேலை உறுதி. பல நிறுவனங்கள் இதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுகின்றன என்பது வேறு விஷயம். இந்த வேலை தேடும் படலத்துக்கு "ஷூகாட்சு" என்று பெயர். நேற்றுவரை முடிக்குச் சாயம் பூசியிருந்த பையன் கறுப்பு முடி, கறுப்பு சூட்டோடு ரயிலில் நிற்பான்.

இந்த வண்டியில் "புதுப் பட்டதாரி" என்ற டிக்கெட் இருந்தால்தான் ஏற முடியும். அதை எல்லாரும் ஒரு தடவைதான் பயன்படுத்த முடியும். பொருளாதாரம் சரிந்திருந்த 1990-களின் தொடக்கத்திலிருந்து 2000-களின் முற்பகுதிவரை படிப்பை முடித்தவர்களை "வேலைவாய்ப்பு உறைபனிக் காலத் தலைமுறை" என்கிறார்கள். அவர்கள் செய்த தப்பு, தப்பான வருடத்தில் பிறந்தது மட்டும்தான். வண்டியைத் தவறவிட்டவர்களில் பலர் பிறகு பொருளாதாரம் தேறியபோதும் நிரந்தர வேலைக்குள் வர முடியாமல் நடுவயதை எட்டிவிட்டார்கள்.

இதைப் பார்த்து வளர்ந்த மாணவர்கள் என்ன செய்வார்கள்? வேலை கிடைக்கவில்லை என்றால் பட்டத்தை வாங்காமல் ஒரு வருடம் தள்ளிப்போடுவார்கள். ஒரு பாடத்தை வேண்டுமென்றே விடுவது, ஆய்வேட்டைக் கொடுக்காமல் இருப்பது. இதற்குப் பெயர் "ஷூஷோகு ரியூனென்", அதாவது வேலைக்காக வகுப்பில் தங்கிவிடுவது. இப்படித் தங்குகிறவர்களுக்குச் சில தனியார் பல்கலைக்கழகங்கள் கட்டணத்தைக் குறைத்தன. வெளியிலிருந்து பார்க்கிறவர் "வளர மனசில்லாத பையன்" என்பார். உண்மையில் அவன் தன் டிக்கெட்டைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். 2010-ல் ஜப்பான் அரசே, படித்து முடித்து மூன்று வருடம் வரை உள்ளவர்களையும் புதுப் பட்டதாரியாக நடத்தச் சொல்லி நிறுவனங்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. தங்கிவிடுகிற மாணவன் போட்ட கணக்கு ஒன்றும் தப்பில்லை என்று அரசுக்கே தெரிந்திருந்தது என்றுதானே அர்த்தம்?

நமக்கும் இது புதுசில்லை. "இந்த வருட பேட்ச் மட்டும்", "படிப்பில் இடைவெளி இருக்கக் கூடாது", "நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது" போன்ற வரிகளைக் கேம்பஸ் அறிவிப்புகளில் படிக்காத மாணவர் யார்?

மாரடோரியம் என்ற சொல்

அடுத்த பெயர் நமக்கு ஏற்கனவே தெரிந்தது. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது ரிசர்வ் வங்கி கடன் தவணைகளுக்கு மாரடோரியம் அனுமதித்தது ஞாபகம் இருக்கா? தவணையை இப்போது கட்ட வேண்டாம், பிறகு கட்டலாம். தள்ளுபடி கிடையாது, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

வங்கிக்காரர்களின் இந்தச் சொல்லை இளமைக்குப் பொருத்தியவர் எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர். "நான் யார், என்ன செய்யப்போகிறேன்" என்று தேடிப் பார்க்க, கடமைகளைக் கொஞ்ச காலம் தள்ளிவைத்து சமூகம் இளைஞர்களுக்குத் தரும் அவகாசம்தான் அது. அவரே பள்ளி முடித்தபின் ஓவியராக ஐரோப்பாவில் சில வருடங்கள் அலைந்தவர். கல்லூரிப் பட்டமே வாங்காமல் பிறகு ஹார்வர்டில் பேராசிரியர் ஆனார்.

ஒகோனோகி கெய்கோ என்ற ஜப்பானிய உளப்பகுப்பாய்வாளர் 1970-களின் கடைசியில் இதை எடுத்துக்கொண்டு "மாரடோரியம் மனிதர்கள்" பற்றி எழுதினார். அந்தச் சொல் ஜப்பானில் சாதாரணப் பேச்சிலும் புகுந்துவிட்டது. அவர் சொன்னதன் சாரம் இது: பழைய காலத்தில் இந்த அவகாசத்தில் இருந்தவன் தன்னை அரை ஆளாகத்தான் நினைத்தான். காசில்லை, சுகமில்லை, குருவிடம் பணிந்து தொழில் கற்றான். அதனால் சீக்கிரம் முழு ஆள் ஆகத் துடித்தான். இப்போது அவகாசத்தில் இருப்பவனுக்கு விளையாட்டும் விடுதலையும் கிடைக்கிறது. சந்தையும் அவனைத்தான் துரத்துகிறது. பிறகு ஏன் வெளியே வருவான்?

பாதி ஒத்துக்கொள்கிறேன். என் தாத்தா பட்டறையில் எடுபிடியாக இருந்த வருடங்களை யாரும் "மிஸ் பண்ண" முடியாது. ஆனால் உள்ளே சுகம் கூடியதை மட்டும் சொன்னால் போதுமா? வெளியே கிடைப்பது குறைந்ததையும் சொல்லணும். ஒகோனோகி எழுதிய காலத்தில் கதவுக்கு வெளியே ஆயுள்கால வேலை காத்திருந்தது. உறைபனித் தலைமுறைக்கு அது இல்லை.

யாருக்குக் கிடைக்கிறது இந்த அவகாசம்?

என் கல்விக்கடன் தாளிலும் இதே சொல் அச்சாகியிருக்கு: மாரடோரியம், படிப்புக் காலமும் அதன் பிறகு ஒரு வருடமும். அதற்குப் பிறகு இ.எம்.ஐ. எனக்கு "பெரியவன்" ஆகும் தேதியை வங்கி ஏற்கனவே குறித்துவிட்டது என்று சொல்லலாம். ஜப்பானிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். அங்கே உதவித்தொகை என்ற பெயரில் அரசு அமைப்பு தருவதில் பெரும்பகுதி திருப்பிக் கட்ட வேண்டிய கடன். மார்ச்சில் படிப்பை முடித்தால் அக்டோபரில் முதல் தவணை.

ஆக, ஒரு வருடம் தங்கிவிடுவது எல்லாருக்கும் முடிகிற காரியம் இல்லை. என் பெரியப்பா 19 வயதில் மில்லில் சேர்ந்தார். வளர ஆசைப்பட்டு ஓடிப்போய்ச் சேரவில்லை, வேறு வழி இருக்கவில்லை. அவருக்கு அவகாசமே கிடைக்கவில்லை என்பதை, அவருக்குத் தயக்கமே இருக்கவில்லை என்று நாம் தப்பாகப் படிக்கிறோம்.

என் வகுப்புப் பெண்களிடம் பேசினால் இது இன்னும் தெளிவாகும். அவர்களில் சிலருக்குக் கல்லூரி முடிவது என்றால் ஜாதகம் வெளியே போவது. வேலையைப் பார்த்து அவர்கள் பயப்படவில்லை. வேலைக்குப் போக விடுவார்களா என்றுதான் பயப்படுகிறார்கள். "காலேஜ் லைஃபை என்ஜாய் பண்ணிக்கோ" என்று வீட்டில் சொல்வதற்கு ஆணிடம் ஒரு அர்த்தம், பெண்ணிடம் இன்னொரு அர்த்தம்.

சந்தோஷத்துக்கும் மார்க்

கடைசியாக ஒரு சொல்: "ககுச்சிகா". "மாணவப் பருவத்தில் எதில் அதிகம் முயற்சி எடுத்தீர்கள்?" என்ற நேர்காணல் கேள்வியின் சுருக்கம். கிட்டத்தட்ட எல்லா நிறுவனமும் கேட்கும். அதனால் மாணவர்கள் சர்க்கிளில் சேரும்போதே, இதை எப்படிச் சொல்லலாம் என்று யோசிக்கிறார்கள். மலையேறியது "குழுவாகச் செயல்படும் திறன்" ஆகிறது. கொரோனா காலத்தில் மாணவர்களுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லாமல் போய், அதுவே ஒரு பிரச்சினையாகப் பேசப்பட்டது. கோடை விடுமுறைக்குள்ளேயே ஆபீஸ் வந்து உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ரெஸ்யூமேயும் இதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கு.

சரி, இதிலிருந்து என்ன?

இவ்வளவையும் அடுக்கிப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது: நாம் "கல்லூரி முடியக் கூடாது" என்று சொல்லும்போது அதற்குள் மூன்று விஷயம் கலந்திருக்கு. ஒன்று, நமக்கென்று இருக்கும் நேரம். இரண்டு, கதவைத் தட்டினால் திறக்கிற தூரத்தில் இருக்கும் நண்பர்கள். மூன்று, தோற்றால் திரும்ப எழுதலாம் என்ற வசதி. அரியர் என்பது எவ்வளவு பெரிய கருணை என்று யோசிச்சுப் பாருங்க!

முதல் இரண்டும் வேலைக்குப் போனால் குறையும். ஆனாலும் மெனக்கெட்டால் கொஞ்சம் காப்பாற்றலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் பண்ண யாரும் தடுக்கப்போவதில்லை. மூன்றாவதுதான் சிக்கல். அது நம் கையில் இல்லை, கதவை வைத்திருப்பவர்கள் கையில் இருக்கிறது. ஒரு முறை தவறினால் பத்து வருடம் தவறும் என்றால் எவனுக்கும் கால் நடுங்கத்தான் செய்யும். வேலையை விட்டுப் படிக்கவும், படிப்பை விட்டு வேலைக்குப் போகவும், முப்பது வயதில் புதுசாகத் தொடங்கவும் வழி இருக்கிற இடத்தில் இந்த நடுக்கம் நிச்சயம் இவ்வளவு இருக்காது.

அதனால் அடுத்த முறை யாராவது கடைசி வருட மாணவர் "முடியவே கூடாதுன்னு இருக்கு" என்று சொன்னால், அறிவுரைக்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: மூன்றில் எது? பதில் மூன்றாவது என்றால் பொறுப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை. வேலை கிடைக்காமல் போனாலும் வீட்டில் சாப்பாடு உண்டு, இன்னொரு வருடம் முயற்சி செய்யலாம் என்று சொல்லிப் பாருங்கள். அதைக் கேட்ட பிறகு கிளம்பத் தயாராகிறவர்கள், நாம் நினைப்பதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.